காலி கிலோமீட்டர் யார் கணக்கில்? – ஆட்டோ, கால் டாக்ஸி: வாசகர் கேள்வி பதில்

ஆட்டோ, கால் டாக்ஸி, ஆப் வாடகை பற்றி வந்த கடிதங்களில் பயணிகளின் குறையும் ஓட்டுநர்களின் குறையும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டுகின்றன: சவாரி இல்லாமல் வண்டி ஓடும் தூரத்துக்கு யார் காசு கொடுப்பது? ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

வீட்டிலிருந்து அலுவலகம் 7 கி.மீ. ஆப்பில் ஆட்டோவுக்கு ரூ.128 காட்டுகிறது. வந்து நிற்கும் ஓட்டுநர் "மேலே 40 போட்டுக் குடுங்கம்மா" என்கிறார். அரசுக் கட்டணம் என்று ஒன்று உண்டா, இல்லையா? எதைக் கொடுப்பது?
– வாசகி, வேளச்சேரி

உண்டு. சென்னைக்கு 2013 ஆகஸ்ட் 25 முதல் அமலுக்கு வந்த கட்டணம் இது: முதல் 1.8 கி.மீ.க்கு ரூ.25, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு ரூ.12, காத்திருப்புக்கு 5 நிமிடத்துக்கு ரூ.3.50, இரவு 11 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு. உங்கள் 7 கி.மீ.க்குக் கணக்கு போடுங்கள். 7லிருந்து 1.8 போனால் 5.2. அதை 12ஆல் பெருக்கினால் ரூ.62.40. கூட 25. ஆக ரூ.87.40. அரசு புதுக் கட்டணம் அறிவித்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கு இதேதான்.

2013இல் வைத்த ரேட் 12 ஆண்டுகளாக அப்படியே கிடந்ததுதான் இத்தனை வாக்குவாதத்துக்கும் வேர். பெட்ரோல், கேஸ், இன்சூரன்ஸ், டயர் எதுவும் அங்கேயே நிற்கவில்லை. பொறுத்துப் பார்த்த ஆட்டோ சங்கங்கள் 2025 பிப்ரவரி 1 முதல் தாங்களே ஒரு கட்டணத்தை அறிவித்தன: முதல் 1.8 கி.மீ.க்கு ரூ.50, பிறகு கிலோமீட்டருக்கு ரூ.18. அதன்படி உங்கள் பயணம் ரூ.143.60. ஆனால் கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 67ஆம் பிரிவின்படி மாநில அரசுக்கு மட்டுமே உரியது. சங்கத்தின் ரேட் கோரிக்கையாக நியாயமானது, சட்டமாக அதற்குப் பலம் இல்லை.

ஆப்பில் தெரியும் 128 மூன்றாவது ரகம். ஆட்டோக்களைப் பொறுத்தவரை பல ஆப்கள் இப்போது கமிஷன் எடுப்பதில்லை. ஒரு நாளுக்கு இவ்வளவு என்று ஓட்டுநரிடம் நாள் பாஸ் மட்டும் விற்கின்றன. ஊபர் 2025 பிப்ரவரி 18 முதல் நாடு முழுவதும் ஆட்டோவுக்கு இந்த முறைக்கு வந்தது. பணம் ரொக்கமாகவோ யூபிஐயாகவோ நேராக ஓட்டுநருக்குப் போகிறது. திரையில் காட்டும் தொகை ஒரு பரிந்துரைதான், கூடக்குறைய வாங்கினால் நிறுவனம் நடுவில் வராது. பழைய நினைப்பில் "ஆப்ல கம்ப்ளெய்ன்ட் பண்ணி ரீஃபண்டு வாங்கிடலாம்" என்று ஏறினால் ஏமாற்றம்தான்.

அதனால் பேச்சை ஓடிபி சொல்வதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். வண்டி எண் ஆப்பில் உள்ளதுதானா என்று பார்த்து, "ஸ்கிரீன்ல காட்டுறதுதானே?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். ஒத்துக்கொண்டால் ஓடிபி. இல்லையென்றால் கேன்சலை ஓட்டுநரே போடட்டும், நீங்கள் போட்டால் அது உங்கள் கணக்கில் ஏறும்.

சவாரிக்கு வர மறுத்தால் தண்டனை என்ன என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அதே சட்டத்தின் 178(3) பிரிவின்படி மூன்று சக்கர வண்டிக்கு அபராதம் அதிகபட்சம் ரூ.50, காருக்கு 2019 திருத்தத்துக்குப் பின் ரூ.500. ஐம்பது ரூபாய்க்குப் பயந்து மனசை மாற்றிக்கொள்ளும் ஓட்டுநர் எங்கே இருக்கிறார்! உண்மையான பிடி 86ஆம் பிரிவில் இருக்கிறது. பெர்மிட் நிபந்தனையை மீறினால் ஆர்டிஓ பெர்மிட்டையே நிறுத்தி வைக்கலாம். புகார் எழுதினால் வண்டி எண், தேதி, நேரம், ஏறிய இடம், இறங்கிய இடம், கேட்ட தொகை ஆறும் இருக்கட்டும். "ஆட்டோக்காரர்கள் அநியாயம் செய்கிறார்கள்" என்று மட்டும் எழுதினால் அது கோப்புக்குள் போய்ப் படுத்துவிடும்.

கிளாம்பாக்கத்தில் விடியற்காலை இறங்கி கோயம்பேடு பக்கம் போக ஆட்டோவில் 700, 800 கேட்கிறார்கள். இது கொள்ளை இல்லையா?
– வாசகர், விருகம்பாக்கம்

ஏறக்குறைய 30 கி.மீ. என்று வைத்தால் 2013 கணக்கில் பகலில் ரூ.363.40, இரவு 11 முதல் 5 வரை ரூ.545. உங்கள் பஸ் 4.40க்கு வந்தால் ஒன்றரை மடங்கு, 5.05க்கு வந்தால் சாதாரணக் கட்டணம். காலை 5 மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் இறங்கியவர் ஒரு டீ குடித்துவிட்டு வண்டி பிடித்தால் ரூ.180 மிச்சம்.

800 கேட்பது கட்டண ஆணைக்கு எதிரானதுதான். ஆனால் அது எப்படி வருகிறது என்று பாருங்கள். 2023 டிசம்பர் 30 அன்று திறந்த இந்தப் பேருந்து முனையம் நகரத்தின் தென்கோடியில் இருக்கிறது. விடியற்காலையில் வடக்கே வர ஆள் உண்டு. அங்கிருந்து திரும்பக் கிளாம்பாக்கம் போக அந்த நேரத்தில் சவாரி இல்லை. 30 கி.மீ. காசு வாங்கி 60 கி.மீ. ஓட்டுகிறார், திரும்புவதற்கான காசை உங்களிடமே வாங்கப் பார்க்கிறார். மீட்டர் கட்டணத்தில் திரும்பும் காலி ஓட்டத்துக்கு இடமே இல்லை. மாலையில் இதே தூரத்தை கோயம்பேட்டிலிருந்து கிளாம்பாக்கத்துக்குப் போனால் அதே ஓட்டுநர் குறைத்துப் பேசுவார், ஏனென்றால் அங்கே பஸ்ஸில் இறங்கும் கூட்டம் அவருக்குக் காத்திருக்கிறது. லக்கேஜ் குறைவு என்றால் மாநகரப் பேருந்தில் தாம்பரம் அல்லது கிண்டி வரை வந்து அங்கிருந்து ஆட்டோ பிடியுங்கள். நகருக்குள் வந்துவிட்டால் திரும்பும் சவாரிக்குப் பஞ்சமில்லை, பேரமும் தானாக இறங்கும்.

கமிஷன் எடுக்கிற ஆப் நல்லதா, நாள் பாஸ் ஆப் நல்லதா? நான் வாடகை ஆட்டோ ஓட்டுகிறேன்.
– ஆட்டோ ஓட்டுநர், வியாசர்பாடி

முழு நாள் ஓட்டுபவருக்குப் பாஸ். கணக்கு எளிது. பாஸ் ரூ.49, கமிஷன் 20% என்று வைத்தால், 49ஐ 0.20ஆல் வகுத்தால் 245. நாளில் ரூ.245க்கு மேல் வசூல் செய்தால் பாஸ் லாபம். காலையில் பள்ளிப் பிள்ளைகளை விட்டுவிட்டு இரண்டே சவாரி எடுப்பவருக்கு பாஸ் நஷ்டம். பாஸ் வாங்கும் முன் அது 24 மணி நேரமா, நள்ளிரவு வரையா என்று பாருங்கள். நள்ளிரவு வரை என்றால் மாலை 4 மணிக்கு வாங்குவது பாதிக் காசைக் கீழே போடுவது. மூன்று ஆப்பிலும் ஒரே நாளில் பாஸ் போட்டால் ரூ.147, அது இரண்டு சவாரியின் லாபத்தைச் சாப்பிட்டுவிடும்.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். 10 சவாரி, சராசரி 5 கி.மீ., சவாரிக்கு ரூ.90, வசூல் 900. சவாரி தூரம் 50 கி.மீ. தான், ஆனால் பிக்கப்புக்குப் போனது, ஸ்டாண்டுக்குத் திரும்பியது எல்லாம் சேர்த்து வண்டி ஓடியது 80. லிட்டர் கேஸ் ரூ.60, 25 கி.மீ. கொடுக்கிறது என்றால் கிலோமீட்டருக்கு ரூ.2.40, எரிபொருள் ரூ.192. வண்டி வாடகை 350. பாஸ் முறையில் கையில் நிற்பது ரூ.309. கமிஷன் முறையில் ரூ.178.

ஆனால் பாஸா கமிஷனா என்பதைவிட எந்தச் சவாரியை எடுக்கிறீர்கள் என்பதில்தான் பணம் இருக்கிறது. 3 கி.மீ. தள்ளிப் போய் ஏற்றி 2 கி.மீ.இல் இறக்கினால் ரூ.50. எரிபொருள் 12 போக 38. நகர நெரிசலில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் 20 நிமிடம், காத்திருப்பு 5. முக்கால் கி.மீ.இல் ஏற்றி 5 கி.மீ. ஓட்டினால் ரூ.90. எரிபொருள் 14 போக 76. நேரம் ஏறக்குறைய அதேதான், 28 நிமிடம். இரட்டிப்பு வருமானம். சவாரித் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிக்கப் தூரம் இருந்தால் விட்டுவிடுவது நல்லது. விட்டுவிடுவது என்றால் ஏற்காமல் விடுவது. ஏற்றுக்கொண்டு, பயணிக்குப் போன் போட்டு "எங்க போகணும்?" என்று கேட்டுக் கேன்சல் செய்வது இரண்டு பக்கமும் கெடுதல். உங்கள் கேன்சல் விகிதம் ஏறும், அடுத்த நல்ல சவாரி பக்கத்து வண்டிக்குப் போகும்.

ஒரு ஆப்பில் சவாரி எடுத்ததும் மற்ற ஆப்களை ஆஃப்லைனில் போடுங்கள். ஓட்டிக்கொண்டிருக்கும்போது மணியடித்து நீங்கள் எடுக்காத ஒவ்வொரு அழைப்பும் அங்கே மறுப்பாகப் பதிவாகிறது.

ஜிஎஸ்டி பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆப் வழியாக வரும் ஆட்டோ சவாரிக்கு 2022 ஜனவரி 1 முதல் 5% உண்டு. அதைக் கட்டும் பொறுப்பு சட்டப்படி ஆப் நிறுவனத்துக்கு, உங்களுக்கு இல்லை. தெருவில் கைகாட்டி ஏறும் சவாரிக்கு வரியே கிடையாது. பாஸ் மட்டும் விற்கும் ஆப்புக்கு இந்த 5% பொருந்துமா என்பதில் கர்நாடக முன்தீர்ப்பு ஆணையமே (வரிச் சந்தேகங்களுக்கு முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லும் அமைப்பு) இரண்டு நிறுவனங்களுக்கு இரண்டு விதமாகச் சொன்னது.

புது கார் எடுத்து ஆப்பில் அட்டாச் பண்ணலாம் என்று இருக்கிறேன். மாதம் எவ்வளவு நிற்கும்? என்னென்ன பேப்பர் வேண்டும்? பேட்ச் எடுக்க வேண்டுமா?
– வாசகர், தாம்பரம்

முதலில் காசு, அப்புறம் பேப்பர். பலர் தலைகீழாகச் செய்து மாட்டிக்கொள்கிறார்கள்.

ரூ.8 லட்சம் கடன், 10.5% வட்டி, 5 ஆண்டு என்றால் மாத டியூ சுமார் ரூ.17,200. மாதம் 26 நாள் ஓட்டினால் நாளைக்கு 661. நாளைக்கு 180 கி.மீ., சிஎன்ஜி கிலோவுக்கு 22 கி.மீ., கிலோ ரூ.90 என்றால் எரிபொருள் 736. இன்சூரன்ஸ், வரி, எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), சர்வீஸ், டயர் எல்லாவற்றுக்கும் நாளைக்கு 350 ஒதுக்குங்கள். ஆக, நீங்கள் சாப்பிடும் டீ சேர்க்காமல் ரூ.1,747 செலவு.

இப்போது வரவு. 180இல் பயணியோடு ஓடியது 110 கி.மீ., கமிஷன் போகக் கிலோமீட்டருக்கு 16 வந்தால் ரூ.1,760. நாள் முழுதும் ஓட்டி 13 ரூபாய். ரேட் 20 ஆனால் மிச்சம் 453. ரேட் 16ஆகவே இருந்து, பயணியோடு ஓடிய தூரம் 130 ஆனால் மிச்சம் 333. ரேட்டை நிர்ணயிப்பது நீங்கள் இல்லை. காலி ஓட்டத்தைக் குறைப்பது ஓரளவு உங்கள் கையில். ஐடி கம்பெனி ஷிப்ட் டிராப், வாரம் இரண்டு வெளியூர் வாடகை, தெரிந்த குடும்பங்களின் மருத்துவமனை டூட்டி என்று சொந்த வாடிக்கை மூன்றில் ஒரு பங்காவது இல்லாமல், ஆப்பை மட்டும் நம்பி டியூ கட்ட நினைக்க வேண்டாம். உங்கள் பகுதியில் வண்டி வைத்திருப்பவரிடம் ஒரு வாரத்தின் ஓடோமீட்டர் கணக்கையும் ஆப்பின் வாரக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வசூலை எல்லோரும் சொல்வார்கள், ஓடிய கிலோமீட்டரைச் சொல்ல மாட்டார்கள்.

சிஎன்ஜி வண்டியில் இரண்டு விஷயம். சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொள்ளும். இரண்டு பெரிய பெட்டியோடு விமான நிலையம் போகும் பயணி வண்டியைப் பார்த்ததும் கேன்சல் செய்வார். இரட்டைச் சிறு சிலிண்டர் மாடல் என்றால் இந்தத் தொல்லை குறைவு. அடுத்தது, சிலிண்டருக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (நீர் அழுத்தச் சோதனை). சான்று காலாவதியானால் பங்கில் கேஸ் போட மாட்டார்கள், அன்றைய நாள் போச்சு.

பேப்பர்: வாடகை வண்டியாகவே பதிவு (மஞ்சள் போர்டு, கறுப்பு எழுத்து. மின்சார வண்டி என்றால் பச்சைப் போர்டில் மஞ்சள் எழுத்து), எஃப்சி, பெர்மிட், வரி, வாடகைப் பயணிகள் வண்டிக்கான இன்சூரன்ஸ், புகைச் சான்று, இருப்பிடம் காட்டும் ஜிபிஎஸ் கருவியும் அவசர பட்டனும், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. எஃப்சி முதலில் 2 ஆண்டு, வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 ஆண்டுக்கொருமுறை, பிறகு ஆண்டுதோறும். எஃப்சிக்குப் போய்த் திரும்பி வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் கோளாறு எஞ்சினில் இல்லை. ஜிபிஎஸ் கருவியின் சந்தா முடிந்திருக்கும், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் உரிந்திருக்கும், ஹெட்லைட் ஒருபக்கம் ஏறியிருக்கும். முதல் நாளே மெக்கானிக்கிடம் இதைப் பாருங்கள். பழைய வண்டி வாங்கி அட்டாச் செய்ய நினைப்பவர்களுக்கு: ஆப் நிறுவனங்களுக்கான மத்திய அரசின் 2025 வழிகாட்டி, ஆப்பில் சேர்க்கும் வண்டி பதிவு செய்து 8 ஆண்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது.

பேட்ச், அதாவது வாடகை வண்டி ஓட்ட லைசென்ஸில் வாங்கும் தனி ஒப்புதல், அந்த விஷயம் தீர்ந்துவிட்டது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட இலகுரக வண்டி ஓட்ட, எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸ் இருந்தால் தனி டிரான்ஸ்போர்ட் ஒப்புதல் தேவையில்லை என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. "பேட்ச் எடுத்துத் தருகிறேன்" என்று காருக்குப் பணம் கேட்கும் புரோக்கரைத் திருப்பி அனுப்பலாம்.

உறவினர் தன் ஓன் போர்டு (சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்த) காரில் வாட்ஸாப் குரூப் வழியாக ஏர்போர்ட் டிராப் ஓட்டுகிறார். ஆப்பைவிட 200 ரூபாய் குறைவு. பயணிக்கு ஏதாவது ஆபத்து உண்டா?
– வாசகர், மதுரை

பயணியைவிட உறவினருக்குத்தான் அதிகம். காசு வாங்கி ஆளேற்றினால் பெர்மிட் வேண்டும் (66ஆம் பிரிவு). இல்லாமல் பிடிபட்டால் 192ஏ பிரிவில் முதல் தடவையே ரூ.10,000 அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது. வண்டியும் பிடித்து வைக்கப்படும்.

விபத்து நடந்தால்தான் உண்மையான கணக்கு வரும். சொந்த உபயோக பாலிசியில் வாடகை ஓட்டம் விலக்கப்பட்டது, அதனால் வண்டிச் சேதத்துக்குக் கிளெய்ம் கிடைக்காது. அடிபட்ட மூன்றாம் நபருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு, பெர்மிட் இல்லாததைக் காட்டி வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கும். பெர்மிட் இல்லாமல் ஓட்டுவது அடிப்படை மீறல் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் அம்ரித் பால் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. அந்தத் தொகை பல லட்சம் ஆகலாம், வீட்டுப் பத்திரம் வரை வரும். பயணிக்கு நஷ்டஈடு வழக்கு இழுத்துக்கொண்டு போகும்.

வண்டியை மஞ்சள் போர்டுக்கு மாற்ற வழி இருக்கிறது. கடன் உள்ள வண்டி என்றால் நிதி நிறுவனத்தின் என்ஓசி (ஆட்சேபமில்லாச் சான்று) முதலில். பிறகு ஆர்டிஓவில் வகை மாற்றம், வரி வித்தியாசம், எஃப்சி, பெர்மிட், நம்பர் பிளேட். மாற்றம் முடிந்த அன்றே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துப் பிரீமிய வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் மறக்கிறார்கள்.

மழை பெய்தால் ஆப்பில் கட்டணம் இரண்டரை மடங்கு ஆகிறது. இதற்கு வரம்பே இல்லையா?
– வாசகி, அண்ணா நகர்

மத்திய அரசின் 2020 வழிகாட்டி அடிப்படைக் கட்டணத்தின் ஒன்றரை மடங்கு வரை என்றது. 2025 ஜூலை 1 அன்று வந்த புதிய வழிகாட்டி இரண்டு மடங்காக உயர்த்தியது. கூட்டமில்லாத நேரத்தில் பாதி வரை குறைக்கலாம். அடிப்படைக் கட்டணம் என்பது மாநில அரசு அந்த வகை வண்டிக்கு அறிவித்தது, ஆப் தானாக வைத்துக்கொண்டதில்லை. பயணிக்கு இது சாதகமான விதி. சொந்த வண்டி ஓட்டுநருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80%, நிறுவன வண்டி ஓட்டுபவருக்கு 60%. காரணமில்லாமல் கேன்சல் செய்தால் யார் செய்தாலும் கட்டணத்தில் 10%, உச்சம் ரூ.100. காலியாக வந்த தூரத்தை ஈடுகட்ட அடிப்படைக் கட்டணம் குறைந்தது 3 கி.மீ.க்கு.

நல்ல விதிகள்தான், ஒரு ஓட்டையோடு. சட்டத்தின் 93ஆம் பிரிவின்படி ஆப்புக்கு உரிமம் தருவது மாநில அரசு. அது மத்திய வழிகாட்டியைப் "பின்பற்றலாம்", கட்டாயமில்லை. மாநிலம் தன் விதியாக்கி உரிமத்தில் எழுதும்வரை இரண்டு மடங்கு என்பதைக் காட்டி நீங்கள் யாரையும் நிறுத்த முடியாது. உரிமமே இல்லாமல் நடத்தினால் அபராதம் ரூ.25,000 முதல் ஒரு லட்சம் வரை.

மழையில் ஒரு சின்ன வழி: முதல் பத்து, பதினைந்து நிமிடம்தான் உச்சம். எல்லோரும் ஒரே நேரத்தில் போனை எடுக்கிறார்கள், ஓட்டுநர்களில் பாதிப் பேர் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கியிருக்கிறார்கள். காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள், அல்லது நெரிசல் சந்திப்பைத் தாண்டி 300 மீட்டர் நடந்து மறுபடி பாருங்கள்.

பைக் டாக்ஸி சட்டப்படி சரியா?
– கல்லூரி மாணவர், திருச்சி

மோட்டார் சைக்கிளும் வாடகை வண்டி ஆகலாம் என்று மத்திய அரசு 2024 தொடக்கத்தில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. 2025 வழிகாட்டி, மாநிலம் அனுமதித்தால் சொந்தப் பதிவு பைக்கையும் ஆப்பில் ஓட்டலாம் என்கிறது. முடிவு மாநிலத்தின் கையில். ஏறுபவருக்கு ஹெல்மெட் கட்டாயம், ஓட்டுநர் தரும் ஹெல்மெட்டின் தாடைப் பட்டை பூட்டுகிறதா என்று பாருங்கள். ஓட்டுபவர் பாலிசியில் வாடகை ஓட்டம் இருக்கிறதா என்று இன்சூரன்ஸ் ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

திடீரென்று ஐடியை பிளாக் செய்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. டியூ நிற்கிறது. யாரிடம் போவது?
– கால் டாக்ஸி ஓட்டுநர், கோயம்புத்தூர்

பெரும்பாலான பிளாக் மூன்று காரணத்தில் அடங்கும். ஒன்று, ஆவணம் காலாவதி. எஃப்சி புதுப்பித்திருப்பீர்கள், ஆப்பில் ஏற்றியிருக்க மாட்டீர்கள், அல்லது ஏற்றிய படத்தில் தேதி மங்கலாக இருக்கும். இது ஒரே நாளில் தீரும். இரண்டு, முகப்படம் பொருந்தவில்லை. ஆக்டிங் டிரைவரை (மாற்று ஓட்டுநரை) உங்கள் ஐடியில் ஓட்டவிட்டால் இதுதான் நடக்கும். தாடி எடுத்தது, இரவு வெளிச்சத்தில் செல்ஃபி எடுத்தது என்றால் பகலில் மறுபடி எடுத்து அனுப்பலாம். மூன்று, பயணி புகார் அல்லது இருப்பிடத்தை ஏமாற்றும் செயலி போனில் இருப்பது. அப்படி ஏதும் இருந்தால் முதலில் அழியுங்கள்.

பிளாக் ஆனதும் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கடைசி மாதத்தின் சவாரிப் பட்டியல், வாரக் கணக்கு, ரேட்டிங் ஆகியவற்றை ஆப் திறந்திருக்கும்போதே சேமியுங்கள், பிறகு உள்ளே போக முடியாது. காரணம் கேட்டு ஆப்பின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை.

டியூ பக்கம், நிதி நிறுவனத்துக்குத் தவணை தவறும் முன்பே எழுதுங்கள். செக் திரும்பிய பிறகு போனால் அபராத வட்டியோடுதான் பேச்சே தொடங்கும்.

பதிவு எதுவும் இல்லை என்றால் இப்போதாவது செய்யுங்கள். ஆட்டோ, டாக்ஸி ஓட்டுநர்களுக்கு மாநிலத்தில் தனி நல வாரியம் உண்டு. ஆப் தொழிலாளர்களுக்கு 2023 டிசம்பரில் இன்னொரு வாரியம் அமைந்தது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் ஈ-ஷ்ரம் தளத்திலும் ஆப் தொழிலாளராகப் பதியலாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி ஆப் நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2% வரை (தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5%க்கு மிகாமல்) நிதிக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பணம் உங்களை எட்ட வேண்டும் என்றால் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

தம்பி சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறான். ஓய்வு நேரத்தில் அங்கே ஆப் கார் ஓட்டலாமா?
– வாசகர், புதுக்கோட்டை

வேண்டவே வேண்டாம். டாக்ஸிக்கும் ஆப் காருக்கும் அங்கே தனித் தொழில் உரிமம் வேண்டும், அது சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மட்டுமே. நண்பர் ஐடியில் ஓட்டிப் பிடிபட்டால் வேலையும் போய், ஊருக்கும் அனுப்பிவிடுவார்கள். அங்கே குடிமக்களாக இருக்கும் நம் ஓட்டுநர்களுக்கு ஒரு தகவல்: 2025 ஜனவரி 1 முதல் பிளாட்ஃபார்ம் தொழிலாளர் சட்டம் நடப்பில் இருக்கிறது. வேலையில் காயப்பட்டால் இழப்பீடு எல்லோருக்கும் உண்டு. 1995 ஜனவரி 1 அன்றோ அதன் பின்னோ பிறந்தவர்களுக்கு உயர்த்திய சிபிஎஃப் (சேமநிதி) சந்தா கட்டாயம், மூத்தவர்கள் விரும்பினால் சேரலாம்.

மீட்டர் போட்டுத்தான் ஓட்டுகிறேன். ஆனால் பயணிகள் போனில் மேப்பைக் காட்டி "10 கி.மீ. தானே, உங்க மீட்டர் 10.2 காட்டுதே, சூடு வச்சிருக்கீங்களா?" என்கிறார்கள். ஏன் இப்படி?
– ஆட்டோ ஓட்டுநர், சேலம்

மீட்டரைத் திருத்திச் சூடு வைக்காமலே வரும். மீட்டர் சக்கரம் சுற்றுவதை எண்ணுகிறது, சாலையை அளப்பதில்லை. ஆட்டோவின் 4.00-8 டயர் புதிதாக இருக்கும்போது விட்டம் 42 செ.மீ. அளவில் இருக்கும். கட்டை (தரையில் படும் ரப்பர்) 4, 5 மி.மீ. தேய்ந்தால் விட்டத்தில் 8 முதல் 10 மி.மீ. வரை குறையும், அதாவது சுமார் 2%. சக்கரம் சிறியதானால் அதே தூரத்துக்கு அதிகம் சுற்ற வேண்டும், 10 கி.மீ. 10.2 ஆகிறது. காற்று குறைவாக இருந்தாலும் இதே பக்கம்தான் பிழை. புது டயர் போட்ட வாரம் மீட்டர் குறைவாகக் காட்டியிருக்குமே, அதை எந்தப் பயணியும் சொல்லியிருக்க மாட்டார். மேப்பும் துல்லியமில்லை: பாலத்துக்கு அடியில், குறுகிய தெருவில் அது வளைவுகளை நேராக வெட்டிவிடும்.

2 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மட்டும் கவலைப்படுங்கள். தேசிய நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கல் ஐந்தை எண்ணி, சரியான காற்றோடு, காலி வண்டியில் ஓட்டிப் பாருங்கள். பிழை அதிகம் என்றால் மீட்டர் மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான், ஆனால் அவர் மீட்டரில் உள்ள ஈய முத்திரையை (சீல்) வெட்டிய நிமிடமே அது செல்லாது. சரிசெய்ததும் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் ஓட்டிக் காட்டி மறுமுத்திரை வாங்க வேண்டும். பழுதே இல்லாவிட்டாலும் 12 மாதத்துக்கு ஒருமுறை முத்திரை கட்டாயம். சீலில் ஆண்டோடு ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்து இருக்கும். ஏ என்றால் ஜனவரி–மார்ச், டி என்றால் அக்டோபர்–டிசம்பர். அடுத்த ஆண்டு அதே காலாண்டு முடிவதற்குள் போய்விடுங்கள். கடைசி வாரத்தில் போனால் வரிசையில் அரை நாள் சவாரி போய்விடும்.